சுடர் சொன்னால் சரி

கதவைத் திறந்து "யாரு வேணும்?" என்று ஜெசிந்தா கேட்டதும் வாசலில் நின்ற பெண் ஒரு படி பின்வாங்கினாள்.

தன் குரலைக் கேட்டு மற்றவர்கள் திகைப்பது ஜெசிந்தாவுக்குப் பழகியிருந்தது. மூன்று வருடமாகத் திருச்சியில் அவள் வாய் திறந்த இடத்திலெல்லாம் யாராவது திரும்பிப் பார்த்தார்கள். காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் என்ன விலை என்றால் எடை போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. டவுன் பஸ்ஸில் சீட்டு கேட்டால் முன்னால் இருப்பவர், "என்ன சுடரு, பஸ்ஸையும் அணைச்சிடலாமா?" என்று சிரித்தார். பயந்து பின்வாங்கியவர் இதுவரை யாரும் இல்லை.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் கறுப்புத் துப்பட்டா. கழுத்தில் ஏதோ ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தின் அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்திருந்தாள்.

"சுடர் நீங்கதானா?"

"என் பேரு ஜெசிந்தா. சுடருக்குக் குரல் குடுத்தது நான்."

"நான் ஷமீமா. பாலக்கரை அன்வர்தீனோட மக. அத்தா மே மாசம் மவுத்தாயிட்டாங்க. நேத்து எனக்கு இது வந்துச்சு."

கைபேசியை நீட்டினாள். ஆற்றல் சிக்கன விழிப்புணர்வு வாரியத்தின் பச்சை முத்திரையோடு ஒரு வாழ்த்து. கடந்த மாதம் தெருவிலேயே மிகக் குறைவாக மின்சாரம் செலவழித்த வீடு தங்களுடையது. முன்மாதிரி இல்லத்துக்கு வாரியத்தின் பாராட்டுகள். கீழே இருந்த குறியை ஷமீமா அழுத்தினாள். ஜெசிந்தாவின் குரல் பேசியது.

"சாதிச்சிட்டீங்க அத்தா. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?"

ஜெசிந்தா அந்தச் சொற்களை ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் 'பெருமையா' என்ற இடத்தில் குரல் லேசாக ஏறி இறங்கியது அவளுடைய வழக்கமேதான்.

"பூட்டிக் கெடக்கிற வீடுக்கா. ஒரு பல்பு எரியலை. அதான் ஃபர்ஸ்ட்."

"தப்பு நடந்திருக்கும்மா. நான் ஆபீஸ்ல சொல்லி நிறுத்தச் சொல்றேன்."

"அதுக்காக வரலை. அத்தாகிட்ட கடைசியா நீங்க என்ன பேசினீங்கன்னு எங்கிட்ட இருக்கு. அதை நீங்க கேக்கணும்."

"நான் பேசலையேம்மா. அது தானா பேசறது."

"தெரியும்க்கா," என்றாள் ஷமீமா. "இருந்தாலும் வாங்க."

*

சுடருக்குக் குரல் கொடுப்பதற்கு முன் ஜெசிந்தா ரயில் நிலையங்களுக்கும் ஆஸ்பத்திரி டோக்கன் வரிசைகளுக்கும் குரல் கொடுத்துப் பிழைத்தவள். நாற்பத்தொரு வயது, தனிக்கட்டை. நாகைக் கடலோரத்தில் கடல் ஏறிவந்த இரண்டு ஊர்களை அரசு காலி செய்து உள்ளே தள்ளிக் குடியமர்த்திய வருடம் அது. அதில் ஒன்று அவள் அப்பாவின் ஊர். மாதா கோவில் மணியை லாரியில் ஏற்றுவதைச் சித்தப்பா படம் பிடித்து அனுப்பியிருந்தார். அடுத்த மாதமே வாரியத்திலிருந்து கோமதிநாயகம் அவளைத் தேடி வந்தார். திருநெல்வேலிக்காரர், பொறியாளர், கூச்ச சுபாவம்.

"மிரட்டுனா நடக்காதும்மா," என்றார். "விளம்பரம் போட்டுப் பாத்தாச்சு. பள்ளிக்கூடத்துல உறுதிமொழி எடுக்கச் சொல்லிப் பாத்தாச்சு. வீட்டு மனுசங்க சொன்னாத்தான் ஜனங்க கேக்காங்க. எங்களுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வீட்டு மனுசி வேணும்."

மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. மிக்சி, ஃபேன், ஏசி ஒவ்வொன்றும் மின்சாரத்தை இழுக்கும் விதம் வேறு. அதை வைத்தே எந்த அறையில் எது ஓடுகிறது என்று பெட்டிக்குத் தெரியும். அது பேசும், கேட்கும், அந்த வீட்டாரின் சுபாவத்தைக் கற்றுக்கொள்ளும். பெயர் சுடர். ஆறு வாரம் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து ஜெசிந்தா பதினோராயிரம் வாக்கியங்கள் பேசினாள். செல்லமாக, கண்டிப்பாக, சிரித்து, சலித்து. அதற்குப் பிறகு அவள் தேவைப்படவில்லை. சுடர் தானே பேசிக்கொண்டது.

ஜெசிந்தா அதை ஒரு தொண்டாகவே நினைத்தாள். மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை, சூரிய மின்சாரம் அடங்கிவிடும் நேரத்தில், ஊரின் தேவை இரண்டே வருடத்தில் ஒன்பது விழுக்காடு குறைந்தது. கரி எரிக்கும் மின் நிலையம் ஒன்றை மூடினார்கள். அதன் புகைபோக்கி சரிந்து விழுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அவள் எழுந்து நின்று கைதட்டினாள். அறையில் வேறு யாரும் இல்லை.

*

அன்வர்தீன் வீடு மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடி. உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலிருந்து சூடு அழுத்தியது. கூடத்தில் நாற்காலி, மேசை, சுவர் முழுக்க ஒழுங்காக வெட்டி ஒட்டிய செய்தித் துணுக்குகள்: உருகும் பனி, ஏறும் கடல், காணாமல் போன மீன். கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் உதவியாளராக இருந்தவர் என்று ஷமீமா சொன்னாள். கதவுக்கு மேலே 'முன்மாதிரி இல்லம்' என்ற பச்சைத் தகடு. படுக்கையறையில் ஒரு ஏசி. அதன் ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது.

"நான்தான் வாங்கி மாட்டினேன். வெயில் காலம் முழுக்கப் போடுங்கத்தான்னு சத்தியம் வாங்கினேன். போடறேன் போடறேம்பாங்க. நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைதான் வருவேன். வர்றப்ப ஓடிக்கிட்டு இருக்கும். எனக்காகப் போட்டு வெச்சிருந்திருக்காங்க."

வாரிசு என்று நிரூபித்துச் சுடரின் பேச்சுப் பதிவுகளை வாங்க அவளுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் வருடத்துப் பதிவில் சுடர் அவரை 'ஐயா' என்றது. பிறகு 'அண்ணே'. ஒருநாள் அன்வர்தீன் பேச்சுவாக்கில் தன் மகள் வாரம் ஒருமுறைதான் வருகிறாள் என்று சொன்னார். மறுநாளிலிருந்து 'அத்தா'.

"எனக்கு அத்தா ஒருத்தர்தான். அவங்களுக்கு ரெண்டு மக ஆயிட்டோம்," என்றாள் ஷமீமா. "கடைசி நாளைப் போடறேன். மே பத்தொம்பது. சாயங்காலம் ஆறு பத்து."

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அத்தா, மணி ஆறாயிடுச்சே. ஏசி ஓடுது போல," என்றது அவள் குரல்.

"ஆமாம்மா." வயதான, நிதானமான ஆண் குரல். "இன்னைக்கு என்னமோ முடியலை. தலை கிறுகிறுங்குது."

"அய்யோ. தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்மா."

"ஓய்வா இருங்க. தெருவுல நாம இப்ப ரெண்டாவது எடம். பரவாயில்லத்தா, ஒரு மாசம் விட்டுக் குடுத்தா என்ன? உங்களுக்கு முடியலைன்னா விட்டுடலாம்."

பிறகு ஏசி நிற்கும் சின்ன ஒலி.

"விட வேணாம். நீ சொன்னா சரி. ஃபேன் போதும்."

"எனக்குத் தெரியும், நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு."

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். "அது விட்டுடலாம்னுதானேம்மா சொல்லுது?"

"மூணு வருசப் பதிவையும் கேட்டுப் பாத்தேன்க்கா. 'அணைங்க'ன்னு சொன்னா அத்தா சில நாள் கேப்பாங்க, சில நாள் கேக்க மாட்டாங்க. 'விட்டுடலாம்'னு சொன்னா ஒவ்வொரு தடவையும் அணைச்சிருக்காங்க. அதைக் கண்டுபிடிச்சு வெச்சிருக்கு. எங்க அத்தாவை அவ்வளவு நல்லாப் புரிஞ்சவங்க உலகத்துல வேற யாரும் இல்லை. நான்கூட இல்லை."

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஏழு நாற்பதுக்கு அன்வர்தீன் மறுபடி பேசினார். வார்த்தைகள் குழறின.

"சுடரு."

"சொல்லுங்கத்தா."

"பேசிக்கிட்டு இரும்மா."

சுடர் பேசியது. இந்த வருடம் பனிப்பாறைகள் எவ்வளவு உருகின என்று அவருக்குப் பிடித்த விஷயமாக எடுத்துச் சொன்னது. நடுநடுவே அவர் "ம்" என்றார். பிறகு அதுவும் நின்றது.

"அத்தா? தூங்கிட்டீங்களா?"

ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்.

"ஃபேன் மூணுல ஓடிக்கிட்டே இருக்கு. நான் அணைச்சிடட்டுமா? பதில் சொல்லலைன்னா சரின்னு எடுத்துக்கறேன்."

ஜெசிந்தாவின் கை தானாக எழுந்து பதிவை நிறுத்தப் போனது. ஷமீமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். முரட்டுத்தனம் இல்லை, ஊசி குத்தும்போது நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்கிற பிடி.

"சரிங்கத்தா. அணைச்சிட்டேன். நல்லா தூங்குங்க."

ஃபேனின் சத்தம் மெதுவாகத் தேய்ந்து நின்றது. அதற்குப் பிறகு பதிவில் ஒன்றுமே இல்லை.

*

வாரியத்தின் அலுவலகத்தில் ஏசி இல்லை. கோமதிநாயகம் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, கோப்புகளுக்கு நடுவில் இருந்தார். ஜெசிந்தா சொன்னது முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பதிவைக் கேட்க மறுக்கவில்லை. கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த வீட்டுல ஃபேனை அணைச்சது எனக்குத் தெரியாதும்மா. ஒப்புதல் படிவத்துல இருக்கும். 'பதில் இல்லைன்னா அணைக்கலாம்'னு. ஆள் இல்லாத அறையில ஃபேன் ஓடுதே, அதுக்காகப் போட்டது."

"வெயிலுக்கு ஒரு வரம்பு வைக்கலையா சார்? இவ்வளவு சூட்டுல அணைக்கச் சொல்லக் கூடாதுன்னு?"

"வெச்சோம். நாப்பத்தஞ்சு டிகிரிக்கு மேல போனா சுடர் பேசாது."

"அன்னைக்கு எவ்வளவு?"

அவர் கணினியைப் பார்க்கவில்லை. அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. "மத்தியானம் நாப்பத்தஞ்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு நாப்பது. விமான நிலையத்து அளவு அது. திறந்த வெளி."

"அந்த வீட்டுக்குள்ள?"

"கான்கிரீட்டு பகல் பூரா வாங்குன சூட்டைச் சாயங்காலந்தான் இறக்கும். நாப்பத்திரண்டு, மூணு இருந்திருக்கும். பெட்டிக்குள்ள வெப்பமானி கிடையாதும்மா. முதல் வரைபடத்துல இருந்துச்சு. அப்புறம் எடுத்துட்டாங்க."

ஜெசிந்தாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப சுடர் பேசற நேரம் ஆறு மணிக்கு மேல. நாப்பத்தஞ்சு வர்றது மத்தியானம். அந்த வரம்பு ஒருநாளும் வேலை செஞ்சிருக்காது இல்லையா?"

"செய்யலை," என்றார் கோமதிநாயகம்.

"எத்தனை பேரு சார் இப்படி?"

"எப்படிச் சொல்லுதது? டாக்டர் எழுதுத சான்றிதழ்ல மாரடைப்புன்னு இருக்கு, மூப்புன்னு இருக்கு. சிக்கனம்னு ஒரு காரணம் அதுல கிடையாது."

"பெரிய வீடுகள்ல?"

அவர் சிரிக்க முயன்றார். "அங்கெல்லாம் மாட்டுன ஒரு வாரத்துல வாயை அடைச்சிட்டாங்க. பேச்சை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கு, பாத்துக்கிடுங்க. பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கிறவங்க அமுக்கிருவாங்க. இல்லாதவங்க அமுக்க மாட்டாங்க. ஒம்பது விழுக்காடும் அவங்ககிட்ட இருந்துதான் வந்துச்சு."

"என் குரலை எடுத்துடுங்க சார்."

"பதினஞ்சு வருச ஒப்பந்தம்." பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "அம்மா, அந்தக் கரி நிலையத்துப் பக்கத்துல எங்க அக்கா குடும்பம் இருக்கு. அக்கா வீட்டுக்காரரு நுரையீரல் கருத்துச் செத்தாரு. அந்தத் தெருவுல வீட்டுக்கு ஒருத்தர். இப்ப அங்க துணி காயப் போட்டா வெள்ளையா இருக்குன்னு அக்கா போன் பண்ணுதா. நான் என்ன செய்யட்டும்? மறுபடி புகையைக் கிளப்பவா?"

அவர் பொய் சொல்லவில்லை என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

*

அவள் வீடு வீடாகப் போகத் தொடங்கினாள். மேல்மாடியில் தனியாக இருப்பவர்களின் பெயர்களை ஷமீமா விசாரித்துச் சேர்த்துக் கொடுத்தாள். மாலை ஆறு மணிக்கு ஒரு கதவைத் தட்டி, "நான்தான் சுடர். நான் சொல்றேன், ஏசியைப் போடுங்க, ஃபேனைப் போடுங்க," என்றாள். சிலர் செல்பி எடுத்துக்கொண்டார்கள். சிலர் அவளை மோசடிக்காரி என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

உறையூரில் லூர்து என்றொரு தையல்காரி. ஐம்பத்தைந்து வயது, தகரக் கூரை போட்ட மேல்மாடி அறை. வியர்வை துணியில் சொட்டாமலிருக்க நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏர்கூலர் ஓடாமல் நின்றது.

"உக்காருங்கம்மா. குரல் அப்படியே இருக்கு," என்று வியந்தாள். "ஆனா எங்க சுடர் கொஞ்சம் மெதுவாப் பேசும்."

"லூர்தம்மா, கூலரைப் போட்டுக்கங்க. இந்தச் சூட்டுல உசுருக்கே ஆபத்து. அந்தப் பெட்டி பேச்சைக் கேக்காதீங்க."

அப்போது சுவரிலிருந்து அவள் குரலே பேசியது. லூர்து சொன்னது சரி. அது கொஞ்சம் மெதுவாகத்தான் பேசியது.

"யாரோ விருந்தாளி வந்திருக்காங்க போல லூர்துக்கா. அவங்களுக்காகக் கூலர் போடுங்க. பத்து நிமிஷம் நான் கணக்குல எடுத்துக்கலை."

லூர்து முகம் மலர்ந்து எழுந்து கூலரைப் போட்டாள். "பாத்தீங்களா, எவ்வளவு மரியாதை தெரிஞ்ச பொண்ணு."

"அது பொண்ணு இல்லை. நான்தான் பொண்ணு. நான் சொல்றேன், அணைக்காதீங்க."

"நீங்க நல்ல மனசோட சொல்றீங்க. இல்லைங்கலை." லூர்து துணியின் மடிப்பை நீவிவிட்டாள். "எம் புருசன் போய்ப் பத்து வருசம் ஆகுது. இது தினமும் சாப்பிட்டியான்னு கேக்குது. நீங்க இன்னைக்குத்தான வந்திருக்கீங்க."

ஜெசிந்தா படியிறங்கிக் கீழே வருவதற்குள் மேலே கூலர் நின்றது. பத்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும்.

*

ஷமீமாவின் மனுவும் ஜெசிந்தா பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியும் சேர்ந்து, மழைக்காலத்தில் ஒரு விசாரணை நடந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் நான்கு நாட்கள் கேட்டார். அறிக்கை இருபது பக்கம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் விசையை அணைத்தவர் அந்தந்த வீட்டாரே. அவர்கள் ஒப்புதல் அளித்திருந்த இடங்களில் மட்டுமே பெட்டி அணைத்தது. எனினும் மனிதநேய அடிப்படையில், கடும் வெப்ப நாட்களில் மக்களை எச்சரிக்கும் செய்திகளைச் சுடரில் சேர்க்க வேண்டும். பதில் வராவிட்டால் அணைக்கும் விதியை நீக்க வேண்டும். வாரியம் ஏற்றுக்கொண்டது.

கோமதிநாயகமே அழைத்தார். "நீங்கதான் வந்து பேசணும். எழுதிக் குடுக்க மாட்டோம். மனசுல தோணுறதைச் சொல்லுங்க."

ஷமீமா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "மறுபடி அவங்களுக்குக் குரல் குடுக்கப் போறீங்களா?"

"ஒருத்தராவது கேட்டு ஃபேனைப் போட்டா போதும்மா."

பழைய அதே குளிரூட்டிய அறை. ஜெசிந்தா ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, பெயர் சொல்லாமல் அன்வர்தீனைப் பற்றிப் பேசினாள். "ஒருத்தர் இருந்தாரு. என்னை மகளா நினைச்சாரு. நான் சொன்னா சரின்னு கேட்டாரு. கேட்டதாலயே போயிட்டாரு. உங்க கால்ல விழுந்து கேக்கறேன், உடம்புக்கு முடியலைன்னா தயங்காதீங்க." இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. ஒரு இடத்தில் பேச்சு நின்றே போய், அவள் மூச்சு மட்டும் பதிவானது. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். இன்றைய பதிவும் சுடரின் குரல் தொகுப்பில் சேரும் என்று அதில் இருந்தது. எச்சரிக்கையில் சேராமல் வேறு எதில் சேரும் என்று நினைத்து அவள் போட்டாள்.

அந்தக் குளிர்காலம் ஜெசிந்தா நன்றாகத் தூங்கினாள்.

*

மார்ச்சிலேயே வெயில் நாற்பதைத் தொட்டது. மாத நடுவில் கோமதிநாயகத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது: எச்சரிக்கை மிக நல்ல பலன் தருகிறது, மாலை நேரத் தேவை இன்னும் ஐந்து விழுக்காடு இறங்கியிருக்கிறது, நன்றி. ஜெசிந்தா அதை இரண்டு முறை படித்தாள். எச்சரிக்கை கேட்டு மக்கள் ஃபேன் போட்டால் தேவை ஏறத்தானே வேண்டும்? தவறுதலாக எழுதிவிட்டார் என்று நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஷமீமா வரச் சொன்னாள். பாலக்கரை வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருவெறும்பூரில் புதுக் குடியிருப்பு ஒன்றில் வாடகைக்கு இருந்தாள். ஜெசிந்தா போனபோது மாலை ஆறரை மணி. ஜன்னல்கள் திறந்திருந்தும் காற்றில்லை. ஷமீமாவின் முகமும் கழுத்தும் வியர்வையில் பளபளத்தன. ஃபேன் நின்றிருந்தது.

"கரண்ட் இல்லையா?"

"இருக்கு." ஷமீமா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "இந்த வீட்டுல பெட்டி முன்னாடியே மாட்டியிருக்காங்க. வந்த அன்னைக்கே பேச்சை நிறுத்திட்டேன். போன வாரம் திரும்பி வந்துச்சு. எச்சரிக்கை சொல்லணுமாம், அதனால பொத்தானை எடுத்துட்டாங்க. நம்ம மனுவால வந்த மாத்தம்தான்."

"என்ன சொல்லுச்சு?"

"முதல்ல நீங்க சொன்னதைச் சொல்லுச்சு. ஒருத்தர் இருந்தாரு, மகளா நினைச்சாருன்னு. அந்த அழுகை அப்படியே. அப்புறம் நீங்க சொல்லாததைச் சொல்லுச்சு." அவள் சுவரைப் பார்க்காமல் பேசினாள். "'ஷமீமா, அத்தா எதுக்காக அவ்வளவு தாங்கினாங்களோ அதை நாம விட்டுட முடியுமா? எனக்கும் முடியலை. ஆனா அத்தாவை நெனச்சுக்கறேன்.' நடுவுல மூச்சு நிக்குது. அப்புறம், 'உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம், விட்டுடலாம்'னு சொல்லுச்சு."

ஜெசிந்தா கையிலிருந்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். கோமதிநாயகம் தவறுதலாக எழுதவில்லை. பதினோராயிரம் வாக்கியங்களில் கிடைக்காத ஒன்று அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அவர்கள்கூடத் தேடியிருக்க மாட்டார்கள். எது பலிக்கிறது என்று அது தானே பார்த்துக்கொண்டிருக்கும்.

"நீ என்ன பண்ணே?"

"எனக்கு எல்லாம் தெரியும்க்கா. அது எப்படிப் பேசும், ஏன் பேசும், எல்லாம் தெரியும். பதிவு பூராவும் கேட்டவ நான்." ஷமீமா துப்பட்டா நுனியால் கழுத்தைத் துடைத்தாள். "அணைச்சிட்டேன். தினமும் அணைச்சிடறேன்."

ஜெசிந்தா எழுந்து போய் ஃபேனைப் போட்டாள். ஐந்தில் வைத்தாள். இறக்கைகள் சுழன்று வேகமெடுத்தன. சூடான காற்றுதான், ஆனாலும் காற்று. இருவரும் அதன் கீழே உட்கார்ந்து, பெட்டி பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. அது எதுவும் சொல்லவில்லை.

பிறகு ஷமீமா எழுந்து, ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்காமல், விசையை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.